பித்தக்குழாய் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு: புதிதாக வரும் பெற்றோருக்கு

டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில் வாங்கிக்கொண்டு குழந்தையோடு வெளியே வரும்போது, ஆபரேஷன் முடிந்தது, இனி எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் நினைக்கத் தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்தேன். பித்தக்குழாய் அடைபட்டுப்போகும் பிலியரி அட்ரீசியா என்ற நோய்க்காக, என் மகளுக்குப் பிறந்த 51ஆம் நாள் கசாய் ஆபரேஷன் நடந்தது. இப்போது 13 வயது, பிறந்தபோது இருந்த அதே ஈரலோடுதான் இருக்கிறாள். இத்தனை வருடத்தில் நான் கற்றுக்கொண்டதில் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: காமாலை இறங்குவது ஒரு கணக்கு, ஈரல் நன்றாக இருப்பது வேறு கணக்கு. முதல் கணக்கு நேராகிவிட்டால் இரண்டாவதைப் பார்க்காமல் விட்டுவிடுகிறோம். நாங்களும் விட்டோம், அதைக் கீழே சொல்கிறேன்.

இதைப் படித்துவிட்டு டாக்டரைப் பார்க்காமல் இருந்துவிடாதீர்கள். அவரிடம் என்ன கேட்பது, வீட்டில் எதைக் கவனிப்பது, எப்போது பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவது என்பதற்காக எழுதுவது இது.

1. உள்ளே என்ன செய்தார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள்

பிலியரி அட்ரீசியாவில் ஈரலுக்கு வெளியே இருக்கும் பித்தக்குழாய் வீங்கி, அடைபட்டு, கடைசியில் நார் போல ஆகிவிடுகிறது. பித்தம் குடலுக்கு இறங்க வழியில்லாமல் ஈரலிலேயே தேங்கி அதைக் கெடுக்கிறது. 1950களில் ஜப்பானிய அறுவை மருத்துவர் மொரியோ கசாய், அந்த நாரை முழுக்க வெட்டி எடுத்துவிட்டு, ஈரலின் வாசலிலேயே சிறுகுடலின் ஒரு துண்டைக் கொண்டுவந்து தைத்தால், அங்கே திறந்திருக்கும் மிக நுண்ணிய குழாய்கள் வழியாகப் பித்தம் வடியும் என்று செய்து காட்டினார். அதற்கு முன்பு இந்த நோய் வந்த பெரும்பாலான குழந்தைகளுக்குச் செய்வதற்கு ஒன்றுமே இருக்கவில்லை. பிறந்து 60 நாளுக்குள் செய்தால் பலன் கூடுதல், அதற்கும் முன்பே என்றால் இன்னும் நல்லது.

இதில் இரண்டு விஷயத்தை மட்டும் மனதில் வையுங்கள், பிறகு சொல்வதெல்லாம் இந்த இரண்டிலிருந்துதான் வருகிறது. ஒன்று, வெளிக்குழாயை எடுத்தாயிற்றே தவிர ஈரலுக்கு உள்ளே இருக்கும் சின்னக் குழாய்களின் பாதிப்பு அப்படியே இருக்கிறது, பித்தம் நன்றாக வடிந்தாலும் ஈரலில் தழும்பு மெல்ல மெல்லக் கூடலாம். இரண்டு, குடலிலிருந்து எதுவும் மேலே ஏறாமல் தடுக்கும் இயற்கையான வால்வு இப்போது இல்லை. குடலில் இருக்கும் கிருமிக்கு ஈரல் வரைக்கும் நேர்ப்பாதை.

கோலிடோக்கல் சிஸ்ட் என்று பித்தக்குழாய் பலூன் மாதிரி உப்பி, அதை எடுத்துவிட்டு குடலோடு இணைத்த குழந்தைகள் வேறு ரகம். இவர்களுக்கு ஈரல் பெரும்பாலும் நல்ல நிலையில் இருக்கும், வளர்ச்சியும் மற்றக் குழந்தைகள் போலவே இருக்கும். ஆனால் தைத்த இடம் பல வருடம் கழித்துச் சுருங்கலாம், உள்ளே கல் சேரலாம், மிச்சமிருக்கும் குழாய்ப் பகுதியில் புற்றுநோய் வரும் வாய்ப்பு கொஞ்சம் உண்டு. அதனால் பெரியவர்களான பிறகும் குறித்த இடைவெளியில் ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் தேவை. பத்து வருடம் ஒன்றும் ஆகவில்லை என்று செக்கப்பை நிறுத்திவிடாதீர்கள். கீழே காய்ச்சல் பற்றி எழுதியிருப்பது உங்களுக்கும் பொருந்தும், மற்றது பெரும்பாலும் கசாய் செய்த குழந்தைகளுக்கு.

2. ஒரு நோட்டு வாங்குங்கள், இன்றைக்கே

ஃபைல் வேறு, நோட்டு வேறு. ஃபைலில் எல்லா ரிப்போர்ட்டும் தேதி வாரியாக இருக்கட்டும். நோட்டில் ஒரே பக்கத்தில் கட்டம் போட்டு, ஒவ்வொரு முறையும் இந்த எண்களை மட்டும் எழுதுங்கள்: காமாலை அளவைக் காட்டும் மொத்த பிலிரூபின், டைரக்ட் பிலிரூபின், ஈரல் பரிசோதனையில் வரும் ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி., ஜி.ஜி.டி., ஆல்புமின், ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர்., ஹீமோகுளோபின், ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட். பக்கத்தில் எடை, உயரம், மேல்கை சுற்றளவு. ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரில் எல்லாம் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். டாக்டர் மாறுவார், லேப் மாறும், நீங்களே ஊர் மாறுவீர்கள், நோட்டு மட்டும் உங்களோடு வரும்.

முதல் மூன்று மாதத்தில் எல்லோரும் பார்ப்பது பிலிரூபினைத்தான். மூன்று மாதத்துக்குள் மொத்த பிலிரூபின் 2க்குக் கீழே வந்துவிட்டால், முதல் இரண்டு வருடத்தைச் சொந்த ஈரலோடு கடக்கும் வாய்ப்பு மிக அதிகம். வராவிட்டால் காத்துக்கொண்டு இருக்காமல் அடுத்த கட்டத்தைப் பற்றி டாக்டரிடம் பேச்செடுக்க வேண்டும். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

3. தினமும் மலத்தின் நிறம், பகல் வெளிச்சத்தில்

ராத்திரி டியூப்லைட் வெளிச்சத்தில் எல்லா நிறமும் ஒன்று போலத் தெரியும். நான் டயப்பரை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் விரித்துப் பார்ப்பேன். பச்சை, பழுப்பு, கடுகு மஞ்சள் எல்லாம் சரி, பித்தம் வடிகிறது. களிமண், சாம்பல், மோர் வெள்ளை, வெளிறிப்போன மஞ்சள் என்றால் வடியவில்லை. ஒரு தடவை லேசாக வெளிறியிருந்தால் அடுத்ததைப் பாருங்கள், இரண்டாவதும் அப்படியே என்றால் போன் செய்யுங்கள். போட்டோ எடுப்பதானால் பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாளை வைத்து எடுங்கள், இல்லையென்றால் போன் கேமரா தன் இஷ்டத்துக்கு நிறத்தை மாற்றிவிடும்.

தைவானில் 2004 முதல் ஒவ்வொரு குழந்தைக்கும் மல நிற அட்டை கொடுக்கிறார்கள், ஜப்பானில் 2012 முதல் தாய்சேய் நலப் புத்தகத்திலேயே அது இருக்கிறது. நோயைச் சீக்கிரம் கண்டுபிடிக்கத்தான் அந்த அட்டை, ஆனால் ஆபரேஷனுக்குப் பிறகும் அதே அட்டை கைகொடுக்கும். உங்கள் ஆஸ்பத்திரியில் கேட்டு ஒன்று வாங்கி டயப்பர் மாற்றும் இடத்தில் ஒட்டிவையுங்கள். வீட்டில் பாட்டி மாற்றினாலும் சித்தி மாற்றினாலும் "நல்லாத்தான் இருந்துச்சு" என்று சொல்லாமல் அட்டையில் அந்த நிறத்துக்கு இருக்கும் எண்ணைச் சொல்வார்கள். சிறுநீரையும் பாருங்கள். கைக்குழந்தைக்கு அது கிட்டத்தட்ட நிறமில்லாமல் இருக்க வேண்டும், துணியில் மஞ்சள் கறை ஒட்டினால் கவனம்.

4. காய்ச்சல் வந்தால்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள்.

38 டிகிரி, அதாவது 100.4 ஃபாரன்ஹீட் தொட்டுவிட்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. சளி இருந்தாலும், அக்காவுக்கும் காய்ச்சல் இருந்தாலும், பல் முளைத்துக்கொண்டிருந்தாலும். காரணம் கோலாஞ்சைட்டிஸ், பித்தக்குழாயில் கிருமித்தொற்று. கசாய்க்குப் பிறகு மிக அதிகமாக வரும் தொல்லை இதுதான், முதல் இரண்டு வருடத்தில்தான் பெரும்பாலும் வரும். ஒவ்வொரு முறை வரும்போதும் ஈரலில் கொஞ்சம் தழும்பைச் சேர்த்துவிட்டுப் போகிறது, சில நேரம் வடிந்துகொண்டிருந்த பித்தம் அடியோடு நின்றுவிடுகிறது. காய்ச்சலோடு கண் மஞ்சளாவது, மலம் வெளிறுவது, எரிச்சலாக அழுவது, பால் குடிக்காமல் இருப்பது எல்லாம் சேர்ந்தும் வரலாம், வெறும் காய்ச்சல் மட்டும் வரலாம்.

என் மகளுக்கு ஒன்பதாவது மாதம் ஒரு சாயங்காலம் 101 அடித்தது. பக்கத்திலிருந்த ஒரு கிளினிக்கில் வைரல் காய்ச்சல், மூன்று நாள் சிரப் கொடுங்கள் என்றார்கள். அவள் வயிற்றில் இருந்த தழும்பைக் காட்டினேன். அது எப்போதோ நடந்ததுதானே என்றார்கள். ஒன்றரை நாள் காத்திருந்தோம். மூன்றாம் நாள் காலையில் டயப்பரைத் திறந்தால் சுண்ணாம்புக் களிம்பு மாதிரி இருந்தது, அதைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது. 0.8ல் இருந்த பிலிரூபின் 3.4க்குப் போயிருந்தது. இரண்டு வாரம் ஊசி மருந்து, பழைய நிலைக்கு வர இரண்டு மாதம்.

அதன் பிறகு செய்ததை நீங்கள் முன்கூட்டியே செய்துவிடுங்கள். உங்கள் ஈரல் டாக்டரிடம் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் வாங்குங்கள்: குழந்தைக்கு இன்ன தேதியில் கசாய் நடந்தது, காய்ச்சல் வந்தால் கோலாஞ்சைட்டிஸ் என்றே எடுத்துக்கொள்ளவும், ரத்தத்தில் கல்ச்சர் எடுத்துவிட்டு உடனே நரம்பு வழி ஆன்டிபயாட்டிக் தொடங்கவும், எங்களுக்கு இந்த எண்ணில் தகவல் சொல்லவும் என்று. நாலு நகல் எடுத்து, ஒன்று பையில், ஒன்று வண்டியில், ஒன்று தாத்தா வீட்டில், ஒன்று போனில் போட்டோவாக. சொன்னால் நம்பாத டியூட்டி டாக்டர்கூட கடிதத்தைப் பார்த்ததும் ஊசியை எடுப்பார். அப்புறம், கல்ச்சர் எடுப்பதற்கு முன்பு வீட்டிலிருக்கும் பழைய ஆன்டிபயாட்டிக் சிரப்பைக் கொடுத்துவிட வேண்டாம், எந்தக் கிருமி என்று கண்டுபிடிக்க முடியாமல் போய்விடும்.

பச்சையாக வாந்தி எடுத்து வயிறு உப்பினால் அது வேறு அவசரம். பழைய ஆபரேஷன் தழும்பில் குடல் சிக்கியிருக்கலாம். அதற்கும் உடனே கிளம்ப வேண்டும்.

5. மருந்தும் வைட்டமினும்

பித்தம் ஓட உதவும் உர்சோ, தொற்று வராமல் இருக்க தினசரி ஒரு ஆன்டிபயாட்டிக் என்று முதல் வருடத்தில் பலருக்கும் எழுதித் தருவார்கள். இதில் பெற்றோர் அலட்சியமாக விடுவது வைட்டமின்களைத்தான், சத்து மருந்துதானே என்று. பித்தம் குறைவாக இருந்தால் கொழுப்பு சரியாகச் செரிக்காது, கொழுப்பில் கரையும் ஏ, டி, ஈ, கே நான்கும் உடம்பில் சேராது. டி குறைந்தால் எலும்பு வளைந்து லேசாக விழுந்தாலே முறியும், ஈ குறைந்தால் நரம்பு பாதிக்கும், ஏ குறைந்தால் கண் பார்வை, கே குறைந்தால் ரத்தம் உறையாது. கைக்குழந்தைக்கு மூளையில் ரத்தக்கசிவு ஏற்படும் அளவுக்கு கே குறைபாடு போகக்கூடும். தொப்புளில், மூக்கில், ஊசி போட்ட இடத்தில் ரத்தம் நிற்காமல் கசிந்தால் காலை வரை காத்திருக்காதீர்கள்.

ஐ.என்.ஆர். கூடுதலாக வந்தால் பயந்துவிடாமல் கேளுங்கள்: "வைட்டமின் கே ஊசி போட்டுத் திரும்பப் பார்த்தோமா?" ஊசிக்குப் பிறகு இறங்கினால் வைட்டமின் குறைபாடு. இறங்காவிட்டால் ஈரலின் வேலைத்திறனே குறைகிறது என்று பொருள், அது வேறு பேச்சு. அதே சமயம் நல்லதுதானே என்று நீங்களாகவே அளவைக் கூட்டவும் வேண்டாம், ஏ அதிகமானால் ஈரலுக்கே கெடுதல்.

அரிப்புக்கு கொலஸ்டிரமின் பவுடர் கொடுத்தால், அதற்கும் மற்ற மருந்துகளுக்கும் நடுவில் எத்தனை மணி நேர இடைவெளி என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அது வைட்டமினையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும்.

காமாலைக்கு என்று யாராவது ஒரு பொடி, ஒரு சாறு கொண்டுவந்து கொடுப்பார்கள். அன்பினால்தான் கொடுப்பார்கள். வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். இது குழாயே இல்லாமல் போன நோய், எந்தச் சாறும் குழாயை வளர்க்காது, ஏற்கெனவே தள்ளாடும் ஈரலுக்கு அது கூடுதல் சுமை.

6. சாப்பாடும் வளர்ச்சியும்

ஈரல் நோயுள்ள குழந்தைக்குச் சாதாரணக் குழந்தையைவிட அதிகக் கலோரி தேவை, சில சமயம் ஒன்றரை மடங்கு வரைக்கும். எம்.சி.டி. எண்ணெய் கலந்த பால் பவுடர் எழுதித் தருவது அதற்காகத்தான், அந்தக் கொழுப்பு பித்தம் இல்லாமலே உடம்பில் ஏறும். ஈரல் நோய் என்றால் எண்ணெயே ஆகாது என்று குழந்தையைப் பத்தியத்தில் போடுபவர்கள் இருக்கிறார்கள். டாக்டர் சொல்லாமல் அப்படிச் செய்தால் குழந்தை வாடிப்போகும். தாய்ப்பாலை நிறுத்தவும் தேவையில்லை, டாக்டர் நிறுத்தச் சொன்னால் தவிர.

எடையை மட்டும் நம்பாதீர்கள். ஈரலும் மண்ணீரலும் பெருத்திருந்தால், வயிற்றில் நீர் சேர்ந்திருந்தால், எடை ஏறிக்கொண்டே இருக்கும், குழந்தையோ உள்ளே மெலிந்துகொண்டே இருக்கும். மேல்கையின் நடுவில் டேப் வைத்து அளக்கச் சொல்வது அதனால்தான். வாயால் போதுமான அளவு எடுக்க முடியாதபோது மூக்கு வழிக் குழாய் போடச் சொன்னால் தயங்க வேண்டாம். நாங்கள் மூன்று வாரம் தயங்கினோம், போட்ட பிறகு அவள் முகம் தேறிய வேகத்தைப் பார்த்து முன்பே செய்திருக்கலாமே என்று இருந்தது.

தழும்புக்குப் பயந்து குழந்தையைக் குப்புறப் போடாமலே வளர்க்கிறோம், வயிறும் பெரிதாக இருக்கிறது, அதனால் தவழ்வதும் நடப்பதும் தள்ளிப்போகிறது. காயம் ஆறியதும் எப்போது குப்புறப் போடலாம் என்று கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். பேச்சு தாமதமானால் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல் பயிற்சிக்குக் கூட்டிப்போங்கள்.

7. தடுப்பூசி

எதையும் தள்ளிப்போடாதீர்கள். ஹெபடைடிஸ் ஏ, பி, நிமோகாக்கஸ், ஃப்ளூ எல்லாம் அவசியம். அம்மை வகைத் தடுப்பூசிகள் உயிருள்ள கிருமியால் ஆனவை, ஈரல் மாற்று நடந்த பிறகு அவற்றைப் பொதுவாகப் போட மாட்டார்கள். அதனால் முன்கூட்டியே போட்டுவிட முடியுமா என்று கேளுங்கள்.

8. பிளேட்லெட் வரிசை

ஈரல் நன்றாக இருக்கிறதா என்று முதலிலேயே சொன்ன இரண்டாவது கணக்கு இது. ஈரலில் தழும்பு கூடக் கூட, குடலிலிருந்து வரும் ரத்தம் அதன் வழியாகப் போக முடியாமல் அழுத்தம் ஏறுகிறது. அதைப் போர்ட்டல் ஹைப்பர்டென்ஷன் என்பார்கள். மண்ணீரல் வீங்கும், அது பிளேட்லெட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உணவுக்குழாயில் ரத்தக்குழாய்கள் புடைக்கும். இவ்வளவும் பிலிரூபின் நார்மலாக இருக்கும்போதே நடக்கலாம்.

எங்கள் நோட்டில் அந்த வரிசை இப்படி இருக்கிறது: 3,10,000. 2,60,000. 2,20,000. 1,70,000. 1,20,000. மூன்று வயதிலிருந்து ஆறு வயது வரைக்கும். முதல் நான்கு ரிப்போர்ட்டிலும் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் நார்மல் என்றே அச்சாகியிருந்தது, ஏனென்றால் 1,50,000க்கு மேல் இருந்தால் நார்மல். பிலிரூபின் எப்போதும் 0.6, நாங்களும் மகிழ்ச்சியாகத் திரும்பி வந்துகொண்டிருந்தோம். எழுதித்தான் வைத்திருந்தேன், ஆனால் மேலிருந்து கீழே விரல் வைத்துப் படித்ததில்லை. ஐந்தாவது முறை புதிதாக வந்த ஒரு டாக்டர் நோட்டை வாங்கி அந்த வரிசையை மட்டும் பேனாவால் வட்டமிட்டார். எண்டோஸ்கோபியில் புடைத்த ரத்தக்குழாய்கள் தெரிந்தன, வளையம் போட்டுக் கட்டினார்கள். நல்லவேளை, அதற்குள் ரத்த வாந்தி வந்திருக்கவில்லை. ஒவ்வொரு எண்ணையும் தனியாகப் பார்க்காதீர்கள், வரிசையாகப் பாருங்கள்.

பிளேட்லெட் இறங்க ஆரம்பித்தால் வீட்டில் மாற வேண்டியவை சில. ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் வகை மருந்துகள் கூடவே கூடாது, ரத்தக்கசிவைத் தூண்டும். காய்ச்சல் சிரப் கடையில் வாங்கும்போது கலவையில் ஐபுப்ரோஃபென் இருக்கிறதா என்று பாட்டிலைத் திருப்பிப் படியுங்கள். பாரசிட்டமால் எந்த அளவு என்று உங்கள் டாக்டரிடம் எடைக்கு ஏற்ற கணக்கை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மண்ணீரல் பெருத்திருந்தால் வயிற்றில் அடிபடும் விளையாட்டுகள் வேண்டாம். ஓடலாம், நீந்தலாம், ஆடலாம். என் மகள் ஓட்டப்பந்தயத்தில் ஓடுகிறாள்.

ரத்த வாந்தி, அல்லது தார் மாதிரிக் கறுத்து ஒட்டி நாற்றமடிக்கும் மலம். இரண்டில் எது வந்தாலும் வாய்க்கு ஒன்றும் கொடுக்காமல், எண்டோஸ்கோபியும் ரத்த வங்கியும் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு நேராகப் போக வேண்டும். அது எந்த ஆஸ்பத்திரி என்று இப்போதே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். இரும்புச்சத்து மருந்தாலும் மலம் கறுக்கும், ஆனால் அது பிசுபிசுவென்று தார் போல இருக்காது. சந்தேகம் என்றால் ரத்தம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

9. அரிதானவை இரண்டு

நுரையீரல் ஒன்று. ஈரல் நோய் நுரையீரலின் ரத்தக்குழாய்களை விரித்து, ரத்தத்தில் ஆக்சிஜனைக் குறைத்துவிடலாம். இரண்டு ஆள்காட்டி விரல்களின் நகங்களை ஒன்றோடொன்று சேர்த்துப் பிடிக்கச் சொல்லுங்கள். நடுவில் சின்ன வைர வடிவ இடைவெளி தெரிய வேண்டும். நகம் உருண்டு அந்த இடைவெளி மறைந்திருந்தாலோ, மாடி ஏறினால் உதடு நீலம் பாய்ந்தாலோ டாக்டரிடம் சொல்லுங்கள். செக்கப்பில் விரலில் ஆக்சிஜன் கிளிப்பைப் படுத்தபடி ஒரு முறை, உட்கார்ந்தபடி ஒரு முறை மாட்டிப் பார்க்கச் சொல்லலாம்.

இன்னொன்று ஈரலில் கட்டி. அரிதுதான், ஆனாலும் ஆறு மாதம் அல்லது வருடத்துக்கு ஒரு முறை அல்ட்ராசவுண்டும் ஏ.எஃப்.பி. என்ற ரத்தப் பரிசோதனையும் செய்வது அதற்காகத்தான்.

10. மாற்று ஈரல் பற்றிய பேச்சு

யாரும் முதலில் கேட்க விரும்பாத பேச்சு. கசாய் செய்த குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு முதல் இரண்டு வருடத்துக்குள்ளேயே மாற்று ஈரல் தேவைப்படுகிறது, சொந்த ஈரலோடு இருபது வயதைத் தாண்டுபவர்கள் குறைவு. இதைப் படிக்கும்போது நெஞ்சு அடைக்கும், தெரியும். ஆனால் நல்ல மையங்களில் மாற்று ஈரல் வைத்த குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் முதல் வருடத்தைத் தாண்டி வளர்கிறார்கள். அப்பா அல்லது அம்மாவின் ஈரலில் இடது ஓரத்துச் சின்னப் பகுதி போதும், கொடுத்தவரின் ஈரல் திரும்ப வளர்ந்துகொள்ளும்.

மாற்று மையத்தில் போய்ப் பதிவு செய்தால் கசாய் தோற்றுவிட்டது என்று ஒத்துக்கொள்வது மாதிரி என நினைத்துச் சிலர் தள்ளிப்போடுகிறார்கள். குழந்தை தெம்பாக இருக்கும்போதே போய்ப் பேசிவிட்டு வாருங்கள். மூன்று மாதமாகியும் காமாலை இறங்காதது, கோலாஞ்சைட்டிஸ் திரும்பத் திரும்ப வருவது, கை மெலிவது, வயிற்றில் நீர், ரத்தக்கசிவு, தூங்கவிடாத அரிப்பு, ஆக்சிஜன் குறைவது, இதில் ஒன்று வந்தாலும் அந்தச் சந்திப்பை இந்த மாதமே வாங்குங்கள். உடம்பு ஒடுங்கிய பிறகு செய்யும் மாற்று கஷ்டம்.

11. பள்ளிக்கூடமும் பதின்ம வயதும்

வகுப்பு ஆசிரியரிடம் அதே கடிதத்தின் நகலும், நாலு வரிக் குறிப்பும் போதும்: காய்ச்சல் என்றால் உடனே கூப்பிடவும், வயிற்றில் பந்து படக்கூடாது, வலி மாத்திரை எதுவும் கொடுக்கக்கூடாது, தண்ணீர் குடிக்கவும் பாத்ரூம் போகவும் தடுக்க வேண்டாம். மற்றபடி அவளைத் தனியாக உட்காரவைக்க வேண்டாம் என்றும் சேர்த்து எழுதுங்கள்.

பத்துப் பன்னிரண்டு வயதில் செக்கப்புக்கு முன்பு நோட்டை அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள். டாக்டர் கேட்கும் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லாமல் வாயை மூடிக்கொள்ளப் பழகுங்கள், இது எனக்கு மிகக் கஷ்டமாக இருந்தது. குழந்தைகள் பிரிவிலிருந்து பெரியவர்கள் பிரிவுக்கு மாறும் வயதில்தான் மருந்தை நிறுத்துவதும் செக்கப்பைத் தவறவிடுவதும் நடக்கிறது. அதற்குள் தனக்கு என்ன ஆபரேஷன் நடந்தது, என்ன மருந்து எவ்வளவு, எந்த மாத்திரை ஆகாது, மது ஏன் கூடாது, பின்னாளில் கர்ப்பம் என்றால் ஏன் முன்பே ஈரல் டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அவர்கள் வாயாலேயே சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

போன மாதச் செக்கப்பில் என் மகள் தன் பிளேட்லெட் எண்ணைத் தானே கட்டத்தில் எழுதினாள், 98,000. பிறகு மேலே விரல் வைத்து முந்தைய ஆறு எண்களையும் படித்துவிட்டு, "அடுத்த எண்டோஸ்கோபி எப்போ டாக்டர்?" என்று கேட்டாள்.